தயாளன் ஸ்ப்ரெடர் வாங்கியது

மகள் மோகனா தன்னிடம் நேராக ஒன்றைக் கேட்டாள் என்பதையே தயாளனால் நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு வேண்டியதெல்லாம் அம்மா லோகேஸ்வரி வழியாகத்தான் அவரிடம் வந்து சேரும். பள்ளிக்குப் போட்டுப்போகிற சப்பாத்தானாலும் சரி, கல்லூரிக் கட்டணமானாலும் சரி, "அப்பாகிட்ட சொல்லுங்கம்மா" என்று அடுப்படியில் ஒரு முனகல் கேட்கும். பிறகு லோகேஸ்வரி வந்து அறிக்கை வாசிப்பாள். கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போன பிறகும் அதே கதைதான். "அப்பா, சாப்பிட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க." சாப்பிட்டேன் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் போன் கைமாறியிருக்கும்.

அப்படிப்பட்டவள், நிச்சயதார்த்தப் பேச்சு எழுந்த அன்று அவர் முகத்தைப் பார்த்து, "ஹால் வேணாம்ப்பா. நம்ம வீட்டுப் புல்லுலயே வெச்சிக்கலாம். புல்ல மட்டும் நீங்க பச்சையா ஆக்கிக் குடுங்க," என்றாள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை குகனோடு கடல் கடந்து பெர்த்துக்குப் போகப் போகிறவள். "அவ்ளோதானே, நான் பாத்துக்கிறேன்," என்று மட்டும் சொன்னார் தயாளன். லோகேஸ்வரி மின்விசிறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் அவர்களுடையது தெருமுனையில் கார்னர் லாட் வீடு. பக்கவாட்டில் பேட்மிண்டன் கோர்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புல்தரை. போன தீபாவளிக்கு முன்னால் அதற்குத் தயாளன் தன் கையாலேயே உரம் அள்ளி வீசினார். விழுந்த இடத்தில் குவியலாக விழுந்தது, விழாத இடத்தில் ஒரு மணிகூட இல்லை. குவிந்த இடமெல்லாம் புல் கருகிப்போக, திருநாளன்று வந்த விருந்தாளிகள் முறுக்கைக் கடித்தபடி அந்தக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு லாரன்ஸ்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லையே. "என்னா தயா, சிறுத்தைய உரிச்சுக் காயப் போட்டிருக்கியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். அதிலிருந்து அந்தத் தெருவில் அதற்குச் சிறுத்தை வீடு என்று பேராகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் ஆளை வைத்து உரம் போட்டிருப்பார்கள். தயாளன் அப்படி இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். சிறுத்தைப் புல்லைப் பல நாள் ஆராய்ந்து அவர் கண்ட முடிவு இதுதான்: தவறு உரத்தில் இல்லை, மண்ணில் இல்லை, கையில் இருக்கிறது. மனிதக் கை அளவு தெரியாத கருவி. உரத்தைத் தொட்டியில் கொட்டித் தள்ளிக்கொண்டு போனால் தரை முழுக்க ஒரே சீராகத் தூவுகிற ஸ்ப்ரெடர் வண்டி, அதுவும் முதல் தரமான வண்டி, ஒன்று வேண்டும். தன் மேல்தான் தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு அவரால் முடிந்த வழி ஒரு வண்டி வாங்குவதுதான்.

முதலில் வாங்கியது வண்டிகூட இல்லை. கையில் பிடித்துச் சுற்றுகிற சின்ன டப்பா. மலிவாகக் கிடைத்தது. உள்ளே இருந்த பல்சக்கரம் பிளாஸ்டிக். மூன்றாவது சுற்றிலேயே அது 'கடக்' என்று உடைந்து, மூடி திறந்து, உள்ளே இருந்த உரம் மொத்தமும் வேலிக்கு அப்பால் பறந்தது. அங்கே லாரன்ஸ் அப்போதுதான் தன் கெரெத்தாவை, அதுதான் காரை, கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்.

"தயா, எவ்ளோ ஒரம் போட்டாலும் என் காடி வளராதுலா," என்றார் லாரன்ஸ்.

அதோடு தயாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இணையத்தில் இருக்கிற வீடியோவையெல்லாம் பார்த்தார். அதில் வருகிற வெள்ளைக்காரர்களின் புல்தரையில் ஜெலுத்தோங் பாசாரையே தூக்கி வைத்துவிடலாம்; இருந்தாலும் பார்த்தார். சக்கரம் காற்றடித்ததா, கெட்டி ரப்பரா, பல்சக்கரத்துக்கு மூடி உண்டா, அச்சு துருப்பிடிக்குமா, பினாங்குக் கடற்காற்றும் உரத்தின் உப்பும் சேர்ந்தால் எந்த இரும்பு எத்தனை மாதம் தாங்கும் என்று சாப்பாட்டு மேசையில் பேசினார். லோகேஸ்வரி சாம்பார் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "ஏங்க, புல்லு வளரணும்னா நீங்க கொஞ்சம் வெளிய போகணும். போன்ல வளராது," என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. நிச்சயதார்த்தம் ஒவ்வொரு ஞாயிறாக நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நிபோங் திபால் வரை போனார். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் விற்கிற பெரிய கடை. அங்கிருந்த ஸ்ப்ரெடரைப் பார்த்து மலைத்துப் போனார். டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுப்பது. அவருடைய வீட்டுக் கேட்டுக்குள்ளேயே நுழையாது.

"எத்தன ஏக்கர் அண்ணே?" என்று கடைக்காரப் பையன் மரியாதையாகக் கேட்டான்.

"ஏக்கர்லாம் இல்ல தம்பி. கார்னர் லாட்."

பையன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவன் பட்ட பாட்டைத் தயாளன் பார்த்தார். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

கடைசியில் பட்டர்வொர்த்தில் முகம்மது கனியின் தோட்டச் சாமான் கடையில் வந்து நின்றார். கனி இரண்டு வண்டிகளை இழுத்து வெளியே போட்டார். "அண்ணே, இது சுத்தி வீசுற டைப். பெரிய இடத்துக்கு இதான் நல்லது. உங்க வீட்ல இதத் தள்ளினா பாதி ஒரம் புல்லுக்கு, மீதி லோங்காங்குச் சாக்கடைக்கு. பக்கத்து வீட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு."

"ஏற்கெனவே வந்துட்டாரு," என்றார் தயாளன்.

"அப்ப இத எடுங்க. இது அப்படியே நேரா கீழ கொட்டும். வண்டி எவ்ளோ அகலமோ அவ்ளோதான் விழும். சின்ன எடம், ஓரத்துல சிமெண்டு, பூச்செடி இருக்கற வீட்டுக்கெல்லாம் இதான் சரி. ஒண்ணே ஒண்ணு, நிக்கிறப்ப லீவர மூடிடணும். மறந்தா ஒரே எடத்துல கொட்டிரும்."

தயாளன் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அச்சில் ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா? ஒட்டவில்லை; நல்ல எவர்சில்வர். பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தொட்டிக்கு அடியில் இருந்த துளைகளை ஒவ்வொன்றாக அளந்தார். லீவரைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். கடையில் இருந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் அவர் குனிந்த வாக்கிலேயே இருந்தார்.

"அண்ணே, என் தங்கச்சிக்கு மாப்ள பாத்தப்பகூட நாங்க இவ்ளோ பாக்கலலா," என்றார் கனி.

தயாளனுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், குகனை அவர் பார்த்தது ஒரு கோப்பி ஆறுகிற நேரம். அதிலும் பாதி நேரம் அவன் வந்திறங்கிய கெரெத்தாவின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை வாங்கிக்கொண்டு பினாங்குப் பாலம் ஏறும்போது, பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், லோகேஸ்வரி பார்த்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வண்டி வந்துவிட்டது. அன்றே உரத்தைக் கொட்டித் தள்ளியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வண்டியின் கைப்பிடியில் ஒன்று முதல் எண்கள் போட்ட ஒரு திருகு இருந்தது. எந்த எண்ணில் வைத்தால் எவ்வளவு விழும்? கூட வந்த தாளில் போட்டிருந்ததை நம்ப அவர் என்ன பச்சைக் குழந்தையா? சோதித்துப் பார்க்காமல் உரத்தைப் போட்டு மறுபடியும் சிறுத்தை வந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? சோதனையை உரத்திலேயே செய்தாலும் ஆபத்துதான். ஆகவே உரமணியின் அளவில், உரம் இல்லாத ஒன்று வேண்டும்.

லோகேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்த சனிக்கிழமை மாலை, அளவுகோலோடு அடுப்படிக்குள் நுழைந்தார். கடுகு, பொடி. கொண்டைக்கடலை, குண்டு. ஜவ்வரிசி சரியான அளவுதான், ஆனால் ஈரத்தில் கரைந்து எறும்பு வரும். மேல்தட்டில் ஒரு பெரிய பை. நிச்சயதார்த்தத்துக்குப் பயறுப் பாயாசம் வைக்க அவள் வாங்கி வைத்திருந்த பச்சைப்பயறு. அளந்தார். அச்சு அசலாக உரமணி. அந்த நேரத்தில் தயாளனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

வீட்டிலிருந்த தாம்பாளம், கேக் தட்டு, இட்லித் தட்டு எல்லாவற்றையும் புல்லில் பரப்பினார். முதல் வரிசைக்குச் சின்ன எண், அடுத்த வரிசைக்கு அதைவிடப் பெரியது என்று ஒவ்வொரு வரிசையாகத் தள்ளினார். தட்டில் விழுந்ததையெல்லாம் நிறுத்துப் பார்த்தார். தட்டில் விழாதது புல்லில் கிடந்தது. கிடக்கட்டும், மைனா தின்னும், புறா தின்னும் என்று விட்டுவிட்டார்.

கேட்டோரம் கடைசி வரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மோகனா.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா. அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

அதற்குப் பிறகு போன் துண்டிக்கப்பட வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் மோகனா வைக்கவில்லை. "பரவால்லப்பா, உங்ககிட்டயே பேசறேன்," என்றாள். பெர்த்தில் குளிர் எப்படி இருக்குமோ என்றாள். வேலையிடத்தில் ஒருத்தி தன்னைப் படுத்துகிற பாட்டைச் சொன்னாள். புடவை நிறம் பிடிக்கவே இல்லை, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். சின்ன வயதில் அந்தப் புல்லில் பேட்மிண்டன் ராக்கெட்டை ஓங்கி வீசி அவர் மூக்குக் கண்ணாடியை உடைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். தயாளன் ஒரு கையால் வண்டியையும் மறுகையால் போனையும் பிடித்துக்கொண்டு, அசைந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்பதுபோல் அப்படியே நின்றார்.

பேசி முடித்துக் கீழே பார்த்தபோது தொட்டி காலி. லீவரை மூடவில்லை. காலடியில் பயறு குவிந்து கிடந்தது. உட்கார்ந்து வாரினார், கைக்கு வந்ததைவிடப் புல்லுக்குள் போனதுதான் அதிகம். அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு ஒரு மழை பிடித்தது. தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மறுநாள் காலை, சோதித்துக் கண்டுபிடித்த எண்ணில் திருகை வைத்து, உண்மையான உரத்தைத் தூவினார். அடடா, என்ன சீர், என்ன அழகு! தரைக்குச் சலங்கை கட்டியதுபோல் மணி மணியாக விழுந்தது. காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சினார். லாரன்ஸ்கூட வேலியோரம் நின்று, "பரவால்ல தயா, இந்த வாட்டி தேறிடும்," என்று ஒப்புக்கொண்டார்.

உரம் தூவிய அன்று மதியமே லோகேஸ்வரி அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, மேல்தட்டுல இருந்த பயறு எங்க?"

"எலி ஏதாச்சும்..." என்றார் தயாளன்.

"எலி தின்னுட்டு, பையையும் நாலா மடிச்சு வெச்சிட்டுப் போச்சாக்கும்?"

அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். ஊறிய பயறை மண்ணில் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அந்த வாரத்திலேயே ஒரு விடிகாலையில் தண்ணீர்க் குழாயோடு வெளியே வந்த தயாளன், குழாயைக் கீழே போட்டார். புல்தரை முழுக்க வெள்ளைத் தண்டும் இரட்டை இலையுமாகப் பயறு முளைத்து நின்றது. அதுவும் எப்படி? சின்ன எண்ணில் தள்ளிய வரிசை மொட்டையாக இருந்தது. துளை வழியே பயறு இறங்கவே இல்லை. அடுத்த வரிசையில் நரைத்த மீசைபோல் அங்கொன்றும் இங்கொன்றும். அதற்கடுத்தது திட்டமான அளவு. கடைசி வரிசை பாசாரில் தவுகே முளைப்பயறு விற்பவர் கூடையைக் கவிழ்த்ததுபோல் அடர்த்தி. கேட்டோரத்தில் ஒரு மேடு. அவருடைய சோதனை முடிவு முழுவதும் தெருவே வாசிக்கும்படி பச்சையில் எழுதப்பட்டிருந்தது.

புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து வந்து கயிற்றைப் பிடித்தபோது லோகேஸ்வரி வந்து குறுக்கே நின்றாள்.

"என்னங்க செய்றீங்க?"

"வெட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

"நல்ல காரியம் நடக்கப் போற வீட்ல முளைச்சு வந்தத வெட்டுவாங்களா? கல்யாணத்துக்கு நவதானியத்தச் சட்டியில வெதச்சு, பாலிகை நல்லா முளைக்கணுமேன்னு சாமி கும்பிடறோம். இங்க தானா முளைச்சு நிக்கிது, நீங்க மெஷினத் தூக்கிட்டு வர்றீங்க! புள்ள நல்லா இருக்க வேணாமா?"

பிள்ளை நல்லா இருக்க வேணாமா என்று கேட்டுவிட்டால் எந்தத் தகப்பன் கயிற்றை இழுப்பான்? இயந்திரம் கொட்டகைக்குத் திரும்பியது. பயறு கவலையே இல்லாமல் வளர்ந்தது. அவர் போட்ட உரம் அத்தனை தரம்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மதியம் மோகனா ரயிலில் வந்து இறங்கினாள். தயாளன் தேர்வில் கோட்டைவிட்ட பையன் மாதிரி கேட்டருகே நின்றார். "புல்லு பச்சையாத்தாம்மா இருக்கு. பயறை விலக்கிப் பாத்தா தெரியும்," என்றார். "ஹால் ஏதாச்சும் காலியா இருக்கான்னு விசாரிக்கட்டுமா?" மோகனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று அவர் பதறினார். அவள் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். சிரிப்பு ஓயாமலே, "இங்கயேதான் வெக்கிறோம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். குகனின் அப்பா சுகுமாரன் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர் என்று பேர். அவர் புல்தரையைப் பார்த்து நின்றுவிட்டார். லோகேஸ்வரி முந்திக்கொண்டாள். சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து, "எங்க வீட்டு வழக்கம்ங்க. பொண்ணுக்கு நிச்சயம்னா தரையிலேயே பாலிகை வெதைப்போம்," என்று கண் இமைக்காமல் சொன்னாள்.

அவ்வளவுதான். அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த கூட்டம் முழுக்கச் செருப்பைக் கழற்றியது. முளைத்ததை மிதிக்கக் கூடாதென்று எல்லாரும் அந்த மொட்டை வரிசை வழியாக ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். தயாளனின் தோல்வியுற்ற முதல் எண்தான் அன்று ஊருக்கே நடைபாதை. லாரன்ஸும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நமுட்டுச் சிரிப்போடு அதில் நடந்து வந்தார்.

தட்டு மாற்றுவதற்கு முன் சுகுமாரன் போனைத் தூக்கிப் படம் எடுத்தபடி கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி. வரிசைக்கு வரிசை அடர்த்தி வேற வேறயா இருக்கே, அதுக்கு என்ன ஐதீகம்?"

லோகேஸ்வரி கண்ணால் கெஞ்சினாள். முப்பது வருடத்தில் ஒரு பொய் அறிக்கையில்கூடத் தயாளன் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது மகளுடைய நிச்சயதார்த்தத்திலா போடுவது?

"ஐதீகம் ஒண்ணும் இல்லீங்க," என்றார். "ஸ்ப்ரெடர் வாங்கினேன். டெஸ்ட் பண்ணேன். இது ரெண்டாம் நம்பரு, இது நாலு, அது ஆறு. உரத்தச் சீராப் போடறதுக்காக எம் பொண்டாட்டி பயறத் திருடி மகளோட விசேஷத்த வயலா ஆக்கினவன் நான்தான். போன தீபாவளிக்கு இதே எடத்துல சிறுத்தை இருந்துச்சு, லாரன்ஸக் கேளுங்க. வண்டிய ஒண்ணும் சொல்லாதீங்க, வண்டி நல்ல தரமான வண்டி. ஆளுதான் ரிஜெக்ட்."

சுகுமாரன் போனை இறக்கினார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, இருமல் வந்து குகன் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. "தோட்டத்துல காலம் பூரா ஒரம் போட வெச்சிருக்கேன், பயறப் போட்டுப் பாத்த மனுசன இப்பதான்யா பாக்குறேன்!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்காமல், "வழக்கமோ டெஸ்ட்டோ, முளைச்சிருச்சுல்ல. தட்ட எடுங்க," என்றார். பாயாசம் அன்று சேமியாவில்.

மாலையில் எல்லாரும் போய்விட்டார்கள். நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் தயாளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னதான் பார்த்து நடந்தாலும் பயறு பாதி மிதிபட்டுக் கிடந்தது. அடியில் புல் நன்றாகவே பச்சையாக இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு மோகனா வந்தாள். கேட்டோரம் அந்த மேட்டருகே போய் உட்கார்ந்தாள். அது மட்டும் ஒரு கால்கூடப் படாமல், கையை விட்டால் தரை தெரியாத அடர்த்தியில் நின்றது.

"இது எந்த நம்பருப்பா? இங்க மட்டும் ஏன் இவ்ளோ அடர்த்தியா இருக்கு?"

"அது நம்பரு இல்லம்மா. அன்னிக்கு நீ போன் பண்ணல்ல? லீவர மூட மறந்துட்டேன்."

மோகனா அதைப் பார்த்தாள். மேலாக உள்ளங்கையை வைத்துத் தடவினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை.

"அவ்ளோ நேரமாப்பா பேசினோம்?"

"நீதாம்மா பேசின," என்றார் தயாளன். "நான் நின்னுக்கிட்டு இருந்தேன்."